சீன மாணவர்களின் ஆங்கிலம்: எந்தத் தப்பை முதலில் திருத்துவது?

உங்கள் கேள்வி இது: சீனாவில் வேலை பார்க்கும் பெரியவர்களுக்கு இணையவழியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறீர்கள். ஷென்ஜென்காரரும் செங்டூகாரரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் இருவரும் ‘ஓப்பன் த லைட்’ என்கிறார்கள், இருவரும் மனைவியை ‘ஹீ’ என்கிறார்கள். ஏன் இப்படி, எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

இருவருக்கும் பொதுவாக இருப்பது சீனாவின் பொதுமொழியான மாண்டரின். ஒரு தப்பு காதில் விழுந்ததும், இதையே மாண்டரினில் எப்படிச் சொல்வார்கள் என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். அடுத்தது, எல்லாத் தப்பும் ஒரே எடை இல்லை. ‘த்ரீ புக்’ என்று சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. 20 சதவீதத் தள்ளுபடியை ‘எய்ட்டி பர்சன்ட் டிஸ்கவுண்ட்’ என்று கொட்டேஷனில் எழுதினால் நஷ்டம். அதனால் பாடப்புத்தக வரிசையை விட்டுவிட்டு, கேட்பவரைத் தவறாகப் புரிந்துகொள்ள வைக்கும் தப்புகளிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தத் தள்ளுபடியையே எடுத்துக்கொள்வோம். சீனக் கடைகளில் ‘பா ஜ’ என்று அட்டை தொங்கும். ‘பா’ என்றால் எட்டு. விலையில் பத்தில் எட்டுப் பங்கு கொடுத்தால் போதும் என்று அர்த்தம், அதாவது 20 சதவீதம் தள்ளுபடி. நாம் குறைவதைச் சொல்கிறோம், அவர்கள் மிஞ்சுவதைச் சொல்கிறார்கள். இதில் ‘95 ஜ’ என்று எழுதியிருந்தால் வெறும் 5 சதவீதத் தள்ளுபடிதான். ‘சதவீதமாக்கு, நூறிலிருந்து கழி, பிறகு ஆஃப் என்று சொல்’ என்ற ஒரே விதியைக் கொடுத்து, 9, 8.5, 7, 5 என்று பத்து எண்களை வாய்வழியாகக் கேளுங்கள். ‘டிஸ்கவுண்ட்’ என்ற சொல்லையே கொஞ்ச நாள் தள்ளிவைத்து, ‘ட்வென்டி பர்சன்ட் ஆஃப்’ என்று மட்டும் சொல்லவிடுவது இன்னும் நல்லது.

பெரிய எண்களும் அப்படித்தான். சீன எண்கள் நாலு நாலு இலக்கமாக நகர்பவை. பத்தாயிரத்துக்கு ‘வான்’ என்று தனிச் சொல் உண்டு, பத்துக் கோடிக்கு ‘யீ’. 37 வான் என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘தர்ட்டி செவன் தௌசண்ட்’ என்றோ ‘த்ரீ பாயின்ட் செவன் மில்லியன்’ என்றோ நாக்கு வழுக்கிவிடும். சரியான எண் 370,000, நம் கணக்கில் 3.7 லட்சம். லட்சம் கோடியிலிருந்து மில்லியனுக்குத் தாவும்போது நமக்கும் ஒரு நொடி தடுமாறத்தான் செய்கிறது, ஆகவே சிரிக்க வேண்டாம். எண்ணை முதலில் அவர்கள் வழக்கப்படி நாலு நாலாக எழுதச் சொல்லுங்கள்: 37,0000. பிறகு காற்புள்ளியை அழித்து, வலமிருந்து மூன்று மூன்றாகப் போடச் சொல்லுங்கள்: 370,000. மனப்பாடம் செய்ய இரண்டே முளைகள் போதும்: 100 வான் ஒரு மில்லியன், 10 யீ ஒரு பில்லியன். சீனாவின் மக்கள்தொகை சுமார் 14 யீ. அது 1.4 பில்லியன், நம் கணக்கில் 140 கோடி. புத்தகப் பயிற்சியைவிட அவர்கள் தொழிற்சாலையின் மாத உற்பத்தி, ஊரின் மக்கள்தொகை, வீட்டு விலை ஆகியவற்றை வைத்துப் பழக்கினால் சீக்கிரம் படியும்.

‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ இன்னொரு கண்ணி. மாண்டரினில் இந்த வாரத்து வெள்ளிக்கு ஒரு சொல், அடுத்த வாரத்து வெள்ளிக்கு வேறொரு சொல், குழப்பமே கிடையாது. திங்கட்கிழமை ஒரு சீனர் ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்றால் பதினோரு நாள் கழித்து வரும் வெள்ளியைச் சொல்கிறார். கேட்பவர் நாலு நாளில் சரக்கு வரும் என்று காத்திருப்பார். தேதியையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள், இலக்கணம் பேசி நேரம் போக்க வேண்டாம். மாடியும் இப்படியே: அங்கே ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’ என்றால் நம் தரைத்தளம்.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வதில் தமிழர்களும் சீனர்களும் ஒரே கட்சி. ‘ஃபைல் இன்னும் அனுப்பலையா?’ என்று கேட்டால் நாம் ‘ஆமா, அனுப்பல’ என்போம். மாண்டரினிலும் ‘துய்’, அதாவது ‘சரிதான்’ என்று சொல்லிவிட்டுத்தான் அனுப்பவில்லை என்பார்கள். கேட்டவர் சொன்னது சரியா தப்பா என்பதற்குத்தான் அந்த ‘ஆமா’. ஆங்கிலத்தில் அப்படியில்லை. செயல் நடந்திருந்தால் ‘யெஸ்’, நடக்கவில்லையென்றால் ‘நோ’, கேள்வி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் சரி. ‘யூ ஹேவன்ட் சென்ட் இட்?’ என்ற கேள்விக்கு வெறும் ‘யெஸ்’ என்று பதில் வந்தால் அமெரிக்க வாடிக்கையாளர் அனுப்பியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவும் கூடும். விதியை விளக்கினால் தலையாட்டுவார்கள், அடுத்த நிமிடம் மறந்துவிடுவார்கள். அதைவிட, தனி ‘யெஸ்’ஸும் தனி ‘நோ’வும் வகுப்பில் தடை என்று சொல்லிவிடுங்கள். ‘நோ, ஐ ஹேவன்ட்’, ‘யெஸ், ஐ ஹேவ்’ என்று வால் சேர்த்தே வர வேண்டும். வால் சரியாக இருந்தால் தலை தப்பானாலும் கேட்பவருக்குப் புரியும். நீங்களும் இந்த விஷயத்தில் கவனமாக இருங்கள். உங்கள் காதுக்கு அவர்களுடைய ‘யெஸ்’ இயல்பாகவே ஒலிக்கும்.

இதே கூடையில் ‘ஆல் த பார்ட்ஸ் ஆர் நாட் ரெடி’ என்ற வகை வாக்கியத்தையும் போடுங்கள். மாண்டரினில் ‘எல்லாம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘இல்லை’ வந்தால் ஒன்றுகூட இல்லை என்று பொருள். ஆங்கிலத்தில் சில தயார், சில தயாரில்லை என்றும் அதைப் படிக்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் ‘நன் ஆஃப் தெம்’, கொஞ்சம்தான் இல்லையென்றால் ‘நாட் ஆல் ஆஃப் தெம்’ என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பழக்குங்கள்.

இனி ‘ஹீ’, ‘ஷீ’. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று வினையிலேயே ஆண் பெண் காட்டும் மொழியில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தப்பை நம்புவதே கஷ்டம். மாண்டரின் பேச்சில் அவன், அவள், அது மூன்றும் ஒரே ஒலி, ‘தா’. எழுத்தில் மட்டும்தான் வேறுபாடு. ‘அவள்’ என்பதற்கான தனி எழுத்துகூட 1920 வாக்கில் மொழியறிஞர் லியூ பன்னோங் முன்வைத்துப் பரவியதுதான். ஆகவே பேசும்போது பால் பார்த்துச் சொல் பொறுக்கும் வேலை அவர்கள் மூளைக்குப் பழக்கமே இல்லை. பத்து வருஷம் லண்டனில் இருந்தவர்கூட வேகமாகப் பேசும்போது தடுக்கி விழுவது இங்கேதான். எழுதும்போது அதிகம் வராது. தெரியாமல் செய்வதில்லை என்பதால் இலக்கண விளக்கம் வீண். குடும்பப் புகைப்படம் ஒன்றைக் காட்டச் சொல்லி, மூன்று நிமிடம் நிறுத்தாமல் பேசவிடுங்கள். தவறும்போது நீங்கள் சரியானதைச் சொல்லாமல் விரலை மட்டும் உயர்த்துங்கள், அவர்களே திரும்பிச் சொல்லட்டும். தொழில் கூட்டத்துக்குப் போகும் அவசரம் என்றால் சுருக்குவழி ஒன்று உண்டு: பெயரையோ பதவியையோ திரும்பத் திரும்பச் சொல்வது. கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஆனால் தவறாகாது.

இறந்தகாலத்தைப் பற்றி ஆசிரியர்கள் ‘சீன மொழியில் காலமே கிடையாது’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது அரைகுறை. வினை மாறாது என்பது உண்மை. ஆனால் செயல் முடிந்துவிட்டதைக் காட்ட வினைக்குப் பின்னால் ‘ல’ என்று ஒரு ஒட்டு வரும். மாணவர் மனதில் இந்த ‘ல’வும் ஆங்கிலத்தின் ‘எட்’டும் ஒன்றாகிவிடுகின்றன. இதனால் தப்புகள் கண்டபடி வருவதில்லை, அவற்றுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ‘நேற்று பெய்ஜிங் போனேன்’ என்பதில் ‘ல’ உண்டு, அதனால் ‘வென்ட்’ சரியாக விழுகிறது. ‘முன்பு ஷாங்காயில் வசித்தேன்’, ‘சின்ன வயதில் எனக்கு மீன் பிடிக்காது’, ‘நேற்று களைப்பாக இருந்தது’ ஆகியவற்றில் ‘ல’ வராது. நிலை, பழக்கம், உணர்ச்சி எல்லாம் அந்தப் பக்கம். உடனே ‘பிஃபோர், ஐ லிவ் இன் ஷாங்காய்’ என்று வந்துவிடுகிறது. மறுபக்கம், நாளைக்கு நடக்கப்போவதிலும் ‘ல’ வரும்: ‘நாளைக்கு வேலை முடிஞ்சதும் கூப்பிடுறேன்’ என்பதில் ‘முடிஞ்சதும்’ என்ற இடத்தில் அது உட்கார்ந்திருக்கும். விளைவு: ‘டுமாரோ ஐ ஃபினிஷ்ட் வொர்க், ஐ கால் யூ’. ஆகவே போனது, வந்தது, வாங்கியது என்று சம்பவங்களை மட்டும் கேட்டுப் பயிற்சி கொடுத்தால் மாணவர் தேறிவிட்டதுபோல் தோன்றும். ‘பள்ளிக்கூட நாட்களில் உங்கள் வீடு எப்படி இருந்தது, அம்மா தினமும் என்ன சமைப்பார்’ என்று கேளுங்கள். ஓட்டை அங்கே தெரியும்.

திருத்தும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மாண்டரின் அசைகள் உயிரொலியில் முடியும், இல்லையென்றால் ‘ன்’, ‘ங்’ இரண்டில் ஒன்றில் முடியும். வடக்கே ஒரு ‘ர்’ சேரும், அவ்வளவுதான். ‘ட்’, ‘ஸ்’, ‘க்ட்’ என்று முடியும் சொல் அந்த வாய்க்கு அந்நியம். ‘ஐ வொர்க் தேர் லாஸ்ட் இயர்’ என்று கேட்டால் அது இலக்கணப் பிழையா, வாயில் ‘ட்’ உடைந்துபோனதா என்று காதால் சொல்ல முடியாது. அதே வாக்கியத்தை சாட்டில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். சரியாக எழுதிவிட்டால் இலக்கணம் தெரிகிறது, வாய்தான் வரவில்லை. அப்போது அடுத்த சொல் உயிரொலியில் தொடங்குமாறு வாக்கியம் கொடுத்து, கடைசி மெய்யை அதோடு ஒட்டச் சொல்லுங்கள்: ‘வொர்க்ட் ஆன் இட்’ என்பது ‘வொர்க் டானிட்’, ‘லுக்ட் அட் இட்’ என்பது ‘லுக் டட்டிட்’. ‘டா’, ‘ட’ என்று அசையின் தொடக்கத்தில் வரும் ‘ட்’ அவர்களுக்கு எளிது. பன்மை ‘ஸ்’ஸுக்கும் இதே வித்தைதான்.

‘ஐ வெரி டயர்ட்’, ‘ஐ வெரி லைக் இட்’ இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை. மாண்டரினில் பெயரடை தானே பயனிலையாக நிற்கும், ‘ஆம்’, ‘இஸ்’ தேவையில்லை. ஆனால் அதற்கு முன்னால் பொதுவாக ‘ஹன்’ என்ற சொல் வந்தாக வேண்டும். அகராதியில் அதற்கு ‘வெரி’ என்று பொருள் போட்டிருக்கும், வாக்கியத்தில் பாதி நேரம் வெறும் முட்டுக்கொடுக்கும் கட்டைதான். இதைத் திருத்தப்போய் ‘ஆம் போடு, ஆம் போடு’ என்று அடித்தால் ‘ஐ ஆம் அக்ரீ’, ‘ஐ ஆம் வெரி லைக்’ என்று எல்லா இடத்திலும் முளைக்கும். பெயரடை வந்தால் ‘ஆம்’, வினை வந்தால் ‘ரியலி’ என்று இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

‘ஆல்தோ’ வந்தால் ‘பட்’டும், ‘பிகாஸ்’ வந்தால் ‘ஸோ’வும் கூடவே வருவது மாண்டரினின் ஜோடி இணைப்புகளால். ஒன்றைத் தூக்கினால் போதும், பெரிய விஷயமில்லை. ‘தேர் ஹேஸ் மெனி பீப்பிள்’ என்பதும் சின்னதுதான். ‘யோ’ என்ற ஒரே சொல் உடைமைக்கும் இருப்புக்கும். ‘என்கிட்ட இருக்கு’, ‘அங்க இருக்கு’ என்று நம் ‘இருக்கு’ இரண்டு வேலை பார்ப்பதைப் போல.

சொற்களுக்கு வருவோம். இங்கேதான் உங்களுக்குப் பொழுது போகும். ‘காய்’ என்ற வினை திறப்பது. ஆனால் விளக்கைப் போடுவது, ஏசியை ஓடவிடுவது, கார் ஓட்டுவது, கூட்டம் நடத்துவது எல்லாமே அதுதான். ஆகவே ‘ஓப்பன் த லைட்’, ‘ஓப்பன் எ மீட்டிங்’. நாம் லைட்டைப் ‘போடு’கிறோம், ஃபேனைப் ‘போடு’கிறோம், மொழி பெயர்க்கக் கிளம்பினால் நம் கதையும் இதேதான். ‘கான்’ என்ற வினைக்குள் பார்ப்பது, டிவி பார்ப்பது, புத்தகம் படிப்பது, டாக்டரிடம் போவது நாலும் அடக்கம். அதனால் ‘சீ எ புக்’. ‘ஜியே’ என்றால் கடன் வாங்குவதும் கொடுப்பதும். அதனால் ‘கேன் யூ பாரோ மீ யுவர் பென்’. சலிப்பூட்டுவதும் சலிப்படைவதும் ஒரே சொல் என்பதால் ‘ஐ ஆம் போரிங்’ என்று தன்னையே திட்டிக்கொள்வார்கள். ‘மை பாடி இஸ் நாட் கம்ஃபர்டபிள்’ என்றால் ‘உடம்பு சரியில்லை’. ‘ஈட் மெடிசின்’ என்றால் மாத்திரை சாப்பிடுவது. தமிழிலும் சாப்பிடத்தானே செய்கிறோம். ‘த ப்ரைஸ் இஸ் எக்ஸ்பென்சிவ்’ என்பதில் சரக்குதான் ‘எக்ஸ்பென்சிவ்’, விலை ‘ஹை’. ‘கம் டு மை ஹவுஸ் டு ப்ளே’ என்று நாற்பது வயது எஞ்சினியர் அழைத்தால் கோலி விளையாட அழைக்கவில்லை, சும்மா வந்து பேசிக்கொண்டிருக்கச் சொல்கிறார். ‘கம் ஓவர்’ என்று மாற்றிக்கொடுங்கள்.

இவற்றைத் தனிச்சொல் பட்டியலாகக் கொடுத்தால் பயனில்லை, பட்டியல்தான் இந்த நோயைக் கொண்டுவந்ததே. ஒரு சீனச் சொல்லுக்கு எதிரே ஓர் ஆங்கிலச் சொல் என்று மனப்பாடம் செய்த தலைமுறை இது. வினையையும் பெயரையும் ஒட்டியே நோட்டில் எழுதவையுங்கள்: ‘டர்ன் ஆன் த லைட்’, ‘டிரைவ் எ கார்’, ‘ஹோல்ட் எ மீட்டிங்’. நோட்டின் இடப்பக்கம் ‘காய்’, வலப்பக்கம் இந்த மூன்றும். ஒரு வாரத்துக்கு இரண்டு வினைக்கு மேல் வேண்டாம்.

சீனப் பெயர்ப்பலகைகளில் வரும் வேடிக்கைகளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘ஸ்லிப் கேர்ஃபுல்லி’, அதாவது கவனமாக வழுக்கவும், என்று தரையில் பலகை வைத்திருப்பார்கள். அதன் நடுவிலுள்ள ஓர் எழுத்தைத் ‘தி’ என்று வாசித்தால் தரை, ‘த’ என்று வாசித்தால் வினையடை விகுதி. ‘கவனம், தரை வழுக்கும்’ என்பது விகுதியாக வாசித்ததும் ‘கவனமாக வழுக்கு’ ஆகிவிட்டது. அது மொழிபெயர்ப்பு விபத்து. உங்கள் மாணவர் அப்படிப் பேசமாட்டார். ‘ஆட் ஆயில்’ போன்றவற்றையும் ஓடிப்போய்த் திருத்தாதீர்கள். உற்சாகமூட்டும் அந்தச் சொல்லை ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியே 2018இல் சேர்த்துக்கொண்டது. சிங்கப்பூரிலோ ‘கேன் ஆர் நாட்?’ என்பது அங்குள்ள தமிழர்களும் சேர்ந்து பேசும் ஆங்கிலம், அங்கே போய்த் திருத்தினால் நீங்கள்தான் விநோதமாகத் தெரிவீர்கள்.

மரியாதை சம்பந்தப்பட்ட தப்புகளை விட்டுவிடாதீர்கள். இவற்றில் இலக்கணம் சுத்தமாக இருக்கும், அதனாலேயே எதிராளி அதைத் தப்பு என்று நினைக்காமல் குணம் என்று நினைத்துவிடுவார். ‘யூ ஹேட் பெட்டர்’ என்பதற்குச் சீன மாணவர்கள் படித்த பொருள் ‘அப்படிச் செய்வது நல்லது’. ஆகவே வாடிக்கையாளருக்குப் பணிவாக ‘யூ ஹேட் பெட்டர் கம் அட் த்ரீ’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலக் காதுக்கு அது ‘மரியாதையா மூணு மணிக்கு வந்து சேருங்க’ என்று விழும். ‘இட் வுட் பி பெஸ்ட் டு கம் அட் த்ரீ’ என்றோ ‘குட் யூ கம் அட் த்ரீ?’ என்றோ மாற்றுங்கள். ‘டூ யூ நோ திஸ் மெஷின்?’ என்ற கேள்விக்கு ‘ஆஃப் கோர்ஸ்’ என்பது ‘இதுகூடத் தெரியாதா’ என்று தொனிக்கும்; ‘யெஸ், ஐ டூ’ போதும். ‘வென் யூ ஆர் கன்வீனியன்ட்’ என்பதை ‘வென் இட்ஸ் கன்வீனியன்ட் ஃபார் யூ’ ஆக்குங்கள். ‘ஹெல்ப் மீ டு ப்ரின்ட் திஸ்’ என்று கேட்டால், கூடவே வந்து நில் என்று அர்த்தமில்லை. ‘எனக்கு இதை ப்ரின்ட் எடுத்துக் கொடுங்க’ என்பதில் நம் ‘கொடுங்க’ பார்க்கும் வேலையைத்தான் மாண்டரினின் ‘பாங்’ பார்க்கிறது. ‘குட் யூ ப்ரின்ட் திஸ் ஃபார் மீ’ என்றால் முடிந்தது.

கடைசியாக ‘எ’, ‘த’. மாண்டரினில் இவை இல்லை, தமிழிலும் இல்லை. எல்லா விதியும் சொல்லிக்கொடுத்துத் தேறியவர்கள் குறைவு, பெரும்பாலான இடங்களில் விட்டுப்போனாலும் பொருள் கெடாது. படித்துப் படித்துத்தான் அது படியும். ‘எ லக்கேஜ்’, ‘ஆன் அட்வைஸ்’ என்று இல்லாத இடத்தில் போடுவதற்கு மட்டும் காரணம் சொல்லலாம்: அவர்கள் மொழியில் பெட்டிபடுக்கைக்கும் மேசை நாற்காலிக்கும் எண்ணுச்சொல், அதாவது எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே வரும் சொல், உண்டு, எண்ணிவிட முடியும். ‘எ பீஸ் ஆஃப்’ என்பதை அந்த எண்ணுச்சொல்லின் இடத்தில் வைத்துக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார்கள். இதில் விடாமல் திருத்த வேண்டிய ஒரே இடம் ‘ஃப்யூ’. ‘வீ ஹேவ் எ ஃப்யூ கஸ்டமர்ஸ் இன் இந்தியா’ என்றால் இந்தியாவில் சில வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அந்த ஒற்றை ‘எ’ விழுந்துவிட்டால், அங்கே எங்களிடம் வாங்க ஆளே அதிகம் இல்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டதாகிவிடும்.